எலும்பு வளர்ந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா? ஒரே ரிப்போர்ட்டில் இரண்டும் எப்படி?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. நாலைந்து மாதமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'லம்பார் ஸ்பாண்டிலோசிஸ்', 'ஆஸ்டியோஃபைட்ஸ்', 'எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ்', 'கிரேடு 1 லிஸ்தெசிஸ்' என்று இருக்கிறது. எலும்பு அடர்த்திச் சோதனையில் 'ஃபெமர் நெக் டி-ஸ்கோர் -1.9, ஆஸ்டியோபீனியா' என்று போட்டிருக்கிறார்கள். எலும்பு கூடுதலாக வளர்ந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னார், தேய்ந்துவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். வளர்ந்திருந்தால், மருத்துவர் கொடுத்த கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடலாமே என்கிறார் அம்மா. 'நெக்' என்று இருப்பதால் கழுத்திலும் கோளாறோ என்று பயம். அடுத்த வாரம்தான் மருத்துவரைப் பார்க்க முடியும். இதற்கெல்லாம் என்ன அர்த்தம்?

பதில்: முதலில் மாத்திரை விஷயம். ரிப்போர்ட்டில் 'எலும்பு வளர்ந்திருக்கிறது' என்று இருப்பதற்காக அதை நிறுத்த வேண்டாம். கழுத்தைப் பற்றிய பயமும் வேண்டாம். ஃபெமர் என்றால் தொடை எலும்பு. அதன் மேல்நுனி பந்து மாதிரி உருண்டு இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். பந்துக்குக் கீழே எலும்பு குறுகும் இடத்துக்குப் பெயர்தான் 'நெக்'. வயதானவர்கள் விழும்போது அடிக்கடி முறிகிற இடம் அது என்பதால்தான் அங்கே அளக்கிறார்கள். உண்மையான கழுத்தெலும்பைச் சொல்ல ரிப்போர்ட்டில் 'செர்வைக்கல்' என்று எழுதுவார்கள்.

இப்போது வளர்ச்சியும் தேய்வும். இந்தக் குழப்பத்துக்கு மருத்துவச் சொற்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் 'தேய்மானம்' என்ற சொல்லுக்கும் அதில் பங்கு உண்டு. எலும்புக்குள் அடர்த்தி குறைவதையும் தேய்மானம் என்கிறோம், மூட்டுக் குருத்தெலும்பு கரைவதையும் தேய்மானம் என்கிறோம். முதலாவது ஆஸ்டியோபொரோசிஸ், இரண்டாவது ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ். இரண்டும் வேறு வேறு கோளாறு, வைத்தியமும் வேறு. முழங்கால் மூட்டுத் தேய்வுக்குக் கால்சியம் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வலி குறையவில்லையே என்று வருகிறவர்கள் இந்தச் சொல்லில் சிக்கியவர்கள்தான்.

மருத்துவச் சொல்லை இரண்டாக வெட்டிப் பாருங்கள். தலை எந்த இடம் என்று சொல்லும், வால் என்ன ஆயிற்று என்று சொல்லும். 'ஆஸ்டியோ' எலும்பு, 'ஆர்த்ரோ' மூட்டு, 'காண்ட்ரோ' குருத்தெலும்பு, 'ஸ்பாண்டிலோ' முதுகெலும்புக் கணு. வாலில் 'பீனியா' என்றால் குறைவு, 'பொரோசிஸ்' என்றால் துளைவிழுந்த நிலை, 'மலேசியா' என்றால் மென்மையாதல் (நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை), 'ஃபைட்' என்றால் முளைத்தது. செடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. அதனால் ஆஸ்டியோஃபைட் என்றால் எலும்பு முளை, ஆஸ்டியோபீனியா என்றால் எலும்புச் சத்துக் குறைவு.

இரண்டும் ஒருவருக்கே எப்படி இருக்கும்? கணுக்களுக்கு நடுவே உள்ள டிஸ்க் வயதாக ஆக நீர் வற்றித் தட்டையாகிறது. பிடிமானம் குறைந்ததும் உடல் அந்த மூட்டின் ஓரத்தில் எலும்பை வளர்த்து முட்டுக்கொடுக்கப் பார்க்கிறது. அந்த முட்டுதான் முளை. நீங்கள் விழுங்கிய கால்சியம் போய் அங்கே படிந்துவிடவில்லை. அதே சமயம், மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்புகளின் உள்ளடர்த்தி குறைந்துகொண்டே வருகிறது. ஓரத்தில் முளை, உள்ளே இளைப்பு. ஒன்று இன்னொன்றை ஈடுகட்டாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடர்த்திச் சோதனைக் கருவிக்கு முளை எது, நல்ல எலும்பு எது என்று பிரிக்கத் தெரியாது. முளைகள் நிறைந்த இடுப்பு முதுகெலும்பை அளந்தால் எண் உண்மையைவிட நன்றாகவே வரும். எனவே அம்மாவின் ரிப்போர்ட்டில் 'லம்பார் ஸ்பைன்' எண் இதைவிட நல்லதாக இருந்தாலும் அதை நம்பிச் சந்தோஷப்பட வேண்டாம். தொடை எலும்பின் -1.9 தான் நம்பத் தகுந்தது.

அந்த -1.9 சதவீதக் கணக்கு அல்ல. இளம் வயது ஆரோக்கியமான பெண்களின் சராசரியைப் பூஜ்ஜியமாக வைத்து, அதிலிருந்து எவ்வளவு கீழே என்று காட்டும் அளவு. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த கோடுகளின்படி -1 வரை இயல்பு, -1-க்கும் -2.5-க்கும் இடையே ஆஸ்டியோபீனியா, -2.5-உம் அதற்குக் கீழும் ஆஸ்டியோபொரோசிஸ். அம்மா நடுவில் இருக்கிறார். மருந்து தேவையா என்பதை இந்த எண் மட்டும் முடிவு செய்யாது. முன்பு லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்ததா, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாரா, அவருடைய பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்ததுண்டா என்றெல்லாம் மருத்துவர் கேட்பார். பதில்களை இப்போதே வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அடர்த்திக் குறைவு தானாக வலிக்காது. எலும்பு முறிந்தால்தான் வலிக்கும். அதனால் ரிப்போர்ட்டில் 'காம்ப்ரஷன் ஃபிராக்சர்', அதாவது கணு நசுங்கி முறிவது, என்ற சொல் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். நீங்கள் எழுதிய வரிகளில் அது இல்லை.

'ஸ்பாண்டிலோ' குடும்பத்தில்தான் மிகவும் குழம்புகிறார்கள். ஸ்பாண்டிலோசிஸ் என்றால் வயதின் தேய்வு. ஸ்பாண்டிலைட்டிஸ் என்றால் அழற்சி. பேச்சுவழக்கில் கழுத்து வலி வந்தாலே 'ஸ்பாண்டிலைட்டிஸ்' என்று சொல்லிவிடுகிறோம், பெரும்பாலும் அது ஸ்பாண்டிலோசிஸ்தான். ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பது முற்றிலும் வேறு நோய். பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கும், காலையில் விறைப்பு அதிகம், நடமாடினால் குறையும். ஸ்பாண்டிலோலைசிஸ் என்றால் கணுவின் பின்பக்க வளையத்தில் விரிசல். ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ் என்றால் ஒரு கணு அடுத்த கணுவின் மேல் நழுவுவது. கிரேடு 1 என்றால் நழுவல் 25 சதவீதத்துக்குள். ஐம்பது தாண்டிய பெண்களுக்கு எல்4–எல்5 (கீழ்முதுகின் நாலாவது, ஐந்தாவது கணுக்கள்) மட்டத்தில் தேய்வால் இப்படி நழுவுவது சாதாரணமாகப் பார்க்கிற ஒன்று. கிரேடு 1 என்ற காரணத்துக்காக மட்டும் யாரும் ஆபரேஷன் செய்வதில்லை.

டிஸ்க் பல்ஜ் என்ற சொல்லைப் பார்த்து பயப்படுகிறவர்கள் நிறைய. டிஸ்க் சுற்றிலும் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்பதுதான் அர்த்தம், 'டிஸ்க் நழுவிவிட்டது' என்று அல்ல. முதுகு வலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 60 வயதினரில் 69 சதவீதம் பேருக்கும் பல்ஜ் இருந்தது. ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்கிறது என்று இல்லை. ரிப்போர்ட்டின் கடைசியில் நோயாளியைப் பரிசோதித்து ஒப்பிட்டுப் பார்க்கவும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், யாரும் அதைப் படிப்பதில்லை.

இந்த ஒப்பீட்டுக்கு உங்கள் உதவி தேவை. 'இடுப்பு வலி' என்று மட்டும் சொல்லாதீர்கள். தமிழில் கீழ்முதுகும் இடுப்புதான், தொடை இணையும் மூட்டும் இடுப்புதான். அம்மாவை ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் பெல்ட் கட்டும் இடம் என்றால் முதுகெலும்பு. முன்பக்கம் தொடை இடுக்கு என்றால் இடுப்பு மூட்டாக இருக்கலாம். அப்படியானால் முதுகு எம்.ஆர்.ஐ. அந்த வலியைப் பற்றி அதிகம் சொல்லாது, மூட்டுக்குத் தனியாக எக்ஸ்-ரே வேண்டியிருக்கும்.

அப்புறம், சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தாலும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் இந்த ஒரு வாரத்தில் ஒன்றைக் கவனித்து எழுதி வையுங்கள். எவ்வளவு நேரம் நடந்த பிறகு வலி காலுக்கு இறங்குகிறது, உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால் விடுகிறதா? ரிப்போர்ட்டில் 'ஸ்டெனோசிஸ்', அதாவது நரம்புப் பாதை குறுகல், என்று இருந்தால் மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான்.