தோட்டத்து ஊட்டுக்கு நெட்டு போடறது: கேட்டதுக்கெல்லாம் பதில்

தோட்டத்துல குடியிருக்கறவங்க நெட்டு பத்தி ஆளாளுக்கு போன் போட்டுக் கேக்கறீங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குதுங்க, அதனால கேள்வியெல்லாம் ஒண்ணா எழுதி அனுப்பச் சொன்னேன். நான் இருவது வருசமா காங்கயம் பக்கம் கேபிள் இழுக்கறவன், மொதல்ல டிவி கேபிள், இப்ப ஃபைபர், அதாவது லைட்டு வழியா நெட்டு கொண்டு வர்ற ஒயர். எந்தக் கம்பெனிக்கும் ஏஜெண்டு இல்ல.

மூலனூர் பக்கம் இருந்து: ஏனுங்ணா, எங்க ஊடு மெயின் ரோட்டுல இருந்து இட்டேரில ஒரு கிலோமீட்டர் உள்ள இருக்குது. மூணு கம்பெனிக்கு சொன்னேன், மூணு பேரும் "ஃபீசிபிள் இல்ல"ன்னு மெசேஜ் அனுப்பிட்டாங்க. அவ்வளவு தூரத்துக்கு ஃபைபர் வேலை செய்யாதுங்களா?

செய்யாம என்னங்க. ஃபைபர்ல 20 கிலோமீட்டர் வரைக்கும் லைட்டு போகும், அதோட பலம் ஒரு கிலோமீட்டருக்கு அரை டெசிபல் கூட கொறையாது. ஃபீசிபிள் இல்லைன்னா உங்க ஒருத்தர் ஊட்டுக்காக ஒரு கிலோமீட்டர் ஒயரும் இருவது முப்பது கம்பமும் போட்டா காசு திரும்பாதுன்னு அர்த்தம். மெசேஜ் அனுப்பறது கம்ப்யூட்டருங்க, அதுக்கு இட்டேரி தெரியுமா? நீங்க ரோட்டு மேல எந்தக் கம்பத்துல ஸ்ப்ளிட்டர் பொட்டி, அதாவது ஒரு ஃபைபரைப் பல ஊட்டுக்குப் பிரிக்கற பொட்டி, தொங்குதுன்னு பாருங்க, அதைப் போட்ட லோக்கல் ஆபரேட்டர் யாருன்னு டீக்கடைல கேட்டாவே சொல்லிருவாங்க, அவரைப் புடிங்க. பொட்டில போர்ட் காலி இருக்குதான்னு கேளுங்க. அதே இட்டேரில இன்னும் நாலு ஊடு இருக்குமில்ல, நாலு பேரும் சேந்து போய் நின்னா கணக்கு மாறிரும், ஒயர் காசைப் பங்கு போட்டுக்கலாம்.

ஒயர் எப்படி வருதுங்கறதுதான் முக்கியம். கிளுவ வேலி மேலயே ஓட்டிரலாம்னு பசங்க சொல்லுவாங்க, உடாதீங்க, வெள்ளாடு கடிச்சுப்போடும், வேலி வெட்டற ஆளு அருவா போட்டா அந்துரும். தென்ன மரத்துல கட்டுனா ஒரு மட்ட உழுந்தா போச்சு. ஈபி கம்பத்துல கேக்காம கட்டுனா லைன்மேன் ஒரு நாளைக்கு அறுத்து உட்டுட்டுப் போவாரு, நம்ம வாயத் தொறக்க முடியாது. சொந்தமா கம்பம் நட்டு வர்றதுதான் நிக்கும்.

கனெக்சன் குடுத்துட்டு ஆள் வண்டி ஏறறதுக்கு முன்ன பவர் மீட்டர்ல, அதாவது ஊடு வந்து சேர்ற லைட்டோட பலத்தை டெசிபல் கணக்குல அளக்கற மீட்டர்ல, ரீடிங் காட்டச் சொல்லுங்க. மைனஸ் 18, மைனஸ் 20ன்னா சந்தோசம். மைனஸ் 27 தாண்டுச்சுன்னா இன்னைக்கு ஓடும், நாளைக்கு நெட்டு நின்னு ரவுட்டர்ல செகப்பு லைட்டு எரியும். போன மாசம் ஒரு ஊட்டுல மைனஸ் 29 காட்டுது, ரோட்டுப் பொட்டில மைனஸ் 20. கம்பம் கம்பமா ஏறி எறங்கி ஒண்ணும் கெடைக்கல, கடைசில பாத்தா பெயிண்ட் அடிச்சவன் சன்னல் மூலைல ஒயரை அழகா இருக்கோணும்னு எல் மாதிரி மடிச்சு ஆணி அடிச்சு வெச்சிருக்கறான். நிமித்தி வட்டமா உட்டேன், மைனஸ் 21. உள்ளுக்குள்ள இருக்கறது கண்ணாடி நூலுங்க, கரண்ட் ஒயர் மாதிரி மடிக்கக் கூடாது.

ஆனைமலை: தென்னந்தோப்புக்குள்ள ஊடு. ஏர்ஃபைபர்னு விளம்பரம் பாத்தேன், ஒயரே வேண்டாம்ங்கறாங்க. போடலாமா?

பேரக் கேட்டு ஏமாறாதீங்க, அதுல உங்க ஊடு வரைக்கும் ஃபைபர் வராது. ஜியோவும் ஏர்டெலும் 2023ல ஆரம்பிச்சது, செல்போன் டவர் 5ஜி சிக்னலையே மாடில ஒரு பொட்டி வெச்சுப் புடிச்சு ஊட்டுக்குள்ள வைஃபையா குடுக்கறது. டவர் நேராத் தெரிஞ்சா அருமையா ஓடும். உங்குளுக்கு எடைல நிக்கறது பூரா தென்ன ஓலை. 5ஜில வேகம் குடுக்கற 3500 மெகாஹெர்ட்ஸ் அலை இலையத் தாண்டறதுக்குள்ள பாதி செத்துரும், மழைல ஓலை நனைஞ்சிருந்தா இன்னும் மோசம். அதனால மரத்துக்கு மேல பொட்டி நிக்கற மாதிரி பைப்பு வேணும். உங்கூர்ல ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எப்படி அடிக்கும்னு நாஞ் சொல்ல வேண்டியதில்ல, பைப்புக்கு மூணு பக்கமும் ஸ்டே கம்பி கட்டலீன்னா பொட்டி திரும்பிக்கும்.

காசு கட்டறதுக்கு முன்ன ஒரு வேலை செய்யுங்க. அந்தக் கம்பெனி 5ஜி சிம் இருக்கற போனை எடுத்துக்கிட்டு மொட்டை மாடில பொட்டி வெக்கற எடத்துல நின்னு ஸ்பீட் டெஸ்ட் போடுங்க. பகல்ல போட்டுட்டு சந்தோசப்படாதீங்க, ராத்திரி எட்டுல இருந்து பத்துக்குள்ள ரெண்டு நாள் போடுங்க, டவர்ல ஊரே தொங்கற நேரம் அதுதான். அப்ப 30 எம்பிபிஎஸ் வேகம் வந்தாக்கூட போதும், போடுங்க.

திருச்செங்கோடு: 300 எம்பிபிஎஸ் எடுக்கறதா 50 எடுக்கறதா?

50. டிவில எச்டி படத்துக்கு அஞ்சு போதும், வாட்ஸ்அப் வீடியோ காலுக்கு ரெண்டு கூட வேண்டாம். மிச்சக் காசுக்கு நல்ல ரவுட்டரா வாங்கி ஊட்டு நடுவுல வெய்யுங்க, பீரோவுக்குப் பின்னால வெக்காதீங்க. ஆமா, நோட்டீசுல போட்டிருக்கற வெலைக்கு மேல 18 சதம் ஜிஎஸ்டி வரும், அதையும் கூட்டிக்குங்க.

பல்லடம்: தறி ஓட்டறோம், கரண்ட் போனா நெட்டும் போயிருது. அதுக்கு என்னங்க வழி?

இதுக்கு ரெண்டு பக்கம் இருக்குதுங்க. உங்க பக்கம் சுளுவு, ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட்ல ஓடறது, அடாப்டர் ஸ்டிக்கர்ல வோல்ட்டும் ஆம்பியரும் பாத்து அதுக்குத் தோதா மினி யூபிஎஸ் வாங்குனா மூணு நாலு மணி நேரம் தாங்கும். பழைய டிவி கேபிள்ல கம்பத்துக் கம்பம் ஆம்ப்ளிஃபையர் இருந்துச்சு, ஒரு எடத்துல கரண்ட் போனா அதுக்குப் பின்னால எல்லா ஊட்டுலயும் டிவி நிக்கும், நான் வாங்காத பேச்சு இல்ல. ஃபைபர்ல அந்தத் தொல்லை கெடையாது, ரோட்டுல தொங்கற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட்டே வேண்டாம். ஆனா ஆபரேட்டர் ரூம்ல இருக்கற மெசினுக்கு வேணும். மாசாமாசம் பராமரிப்புன்னு காலைல ஒம்பதுல இருந்து சாயந்தரம் அஞ்சு வரைக்கும் நிறுத்தறாங்கல்ல, அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு அதே கனெக்சன் வெச்சிருக்கற ஊட்டுல போய் நெட்டு ஓடுதான்னு பாருங்க. ஆபரேட்டர் பேட்டரி வெச்சிருக்கறாரா இல்ல வாயில வெச்சிருக்கறாரான்னு தெரிஞ்சுரும்.

அந்தியூர்: எங்க பஞ்சாயத்து ஆபீசுக்கு அரசாங்க ஃபைபர் வந்து ரெம்ப நாளாச்சு. அதுல ஊட்டுக்குக் குடுப்பாங்களா?

அது பாரத்நெட்டுங்க. 2011ல வேற பேர்ல ஆரம்பிச்ச மத்திய அரசுத் திட்டம், நம்ம மாநிலத்துல டான்ஃபிநெட்டுங்கற தமிழ்நாடு அரசுக் கம்பெனி பாக்குது, 12,525 ஊராட்சிக்கும் ஒரு ஜிபிபிஎஸ், அதாவது 1000 எம்பிபிஎஸ் வேகத்துல கொண்டு போய் சேக்கறதுன்னு கணக்கு. ஆபீஸ் வரைக்கும் வர்றது வாய்க்கால் மாதிரி, அங்கிருந்து வயலுக்குப் பாய்ச்ச ஆள் வேணும். அந்த லைன்ல பேண்ட்விட்த், அதாவது நெட்டு போற அளவை, வாடகைக்கு எடுத்து ஊடு ஊடா குடுக்கற ஆபரேட்டர் உங்கூர்ல இருந்தா கெடைக்கும். ஊராட்சிச் செயலாளர்கிட்ட "யாராச்சு எடுத்திருக்கறாங்களா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

தாளவாடி: இங்க 4ஜியே தட்டுத் தடுமாறுது. சேட்டிலைட் நெட்டுங்கறாங்களே?

டவர் அலையே எட்டாத எடத்துக்குத்தான் அது. பழைய வகை சேட்டிலைட் கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் ஒசரத்துல நிக்கறது, நீங்க "அலோ" சொல்லி அது போய் வர்றதுக்கே அரை நொடிக்கு மேல ஆகும், ஃபார்ம் அனுப்பலாம், வீடியோ கால் பேசுனா ஒருத்தர் மேல ஒருத்தர் பேசிக்குவீங்க. ஸ்டார்லிங்க்ங்கற புது வகை ஐநூறு கிலோமீட்டர் பக்கத்துல சுத்தறது, அந்தத் தாமதம் இல்ல, 2025 ஜூன்ல இந்தியால லைசென்ஸ் குடுத்தாங்க. ஆனா சிக்னல் புடிக்கற டிஷ் தட்டுக்கு மேல வானம் தொறந்து கெடக்கோணும், மரம் இருந்தா விட்டு விட்டு வரும். அதுக்கு முன்ன பிஎஸ்என்எல் 4ஜி சிம் ஒண்ணு போட்டுப் பாருங்க, 700 மெகாஹெர்ட்ஸ்ல வந்தா மலை மடிப்புல கூட கொஞ்சம் உள்ள பூந்து வரும்.

நாமக்கல்: கோழிப்பண்ணைக்கு கேமரா வைக்கோணும், ஊட்டுல இருந்து 350 மீட்டர். லேன் ஒயர் இழுத்தா வருமா?

வராதுங்ணா, லேன் ஒயர் 100 மீட்டர்தான். நடுவுல நெட்வொர்க் ஸ்விட்ச், அதாவது சிக்னலை மறுபடி அனுப்பற பொட்டி, வெச்சு ஓட்டறவங்க இருக்கறாங்க, ஒரு கோடை இடி போதும், ஸ்விட்ச், கேமரா படத்தைப் பதிவு பண்ற டிவிஆர், கேமரா எல்லாம் ஒரே பொழுதுல கருகும். ரெண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர், அதாவது லேன் சிக்னலை லைட்டா மாத்தற பொட்டி, வெச்சு ஃபைபர் இழுங்க. அதுலயும் சில ஒயர்ல தாங்கறதுக்கு இரும்புக் கம்பி ஒண்ணு கூட வரும், கண்ணாடில இடி ஏறாது, இந்தக் கம்பில ஏறும், மெசினுக்குப் பக்கத்துல அதை வெட்டித் தனியா கட்டி உடச் சொல்லுங்க. பதிவு பண்ணையிலயே டிவிஆர்ல ஆகட்டும், நீங்க போன்ல பாக்கறப்ப மட்டும் நெட்டு போனாப் போதும். பிளான் எடுக்கறப்ப அப்லோட், அதாவது கேமரா படம் வெளிய போற வேகம், எவ்வளவுன்னு கேளுங்க, எல்லாரும் டவுன்லோடு மட்டுந்தான் சொல்லுவாங்க.

பெருந்துறை: 15 நாளா நெட் இல்ல, கஸ்டமர் கேர்ல "24 மணி நேரத்துல சரியாயிரும்"னு தெனமும் சொல்றாங்க. டிராய்ல புகார் குடுக்கலாமா?

டிராய்ங்கறது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அது தனி ஆள் புகாரை எடுத்து விசாரிக்காதுங்க, நெறைய பேரு அங்க எழுதிப்போட்டு காத்துட்டு இருக்கறாங்க. மொதல்ல கம்பெனில புகார் நம்பர் வாங்குங்க, நம்பர் இல்லாத புகார் புகாரே இல்ல. அப்பறம் அதே கம்பெனில அப்பீல் அதாரிட்டின்னு ஒண்ணு இருக்கும், அதுக்கு எழுதுங்க. அதுக்கும் மசியலீன்னா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போலாம், டெலிகாம் கம்பெனி மேல அங்க கேஸ் போடலாம்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. ஆறு மாசப் பணம், ஒரு வருசப் பணம்னு முன்கூட்டியே கட்டிப்போட்டுத்தான் மாட்டிக்கறீங்க. ஆஃபர் குடுக்கறாங்கன்னு ஆசப்படாம மொத மூணு மாசம் மாசாமாசம் கட்டிப் பாருங்க.

கோபி: அண்ணா, கல்யாணமாகி இங்க வந்திருக்கறேன், ஊட்டுல இருந்தே வேலை. ஆபீஸ்ல ரெண்டு கனெக்சன் வெச்சுக்கச் சொல்றாங்க. ரெண்டு ஃபைபர் போட்டா போதுமா?

போதாது அம்மிணி. ரெண்டு கம்பெனி பேரு வேறயா இருக்கும், ஒயரைத் தொட்டுக்கிட்டே ரோடு வரைக்கும் நடந்து பாரு, ரெண்டும் ஒரே கம்பத்துல ஒண்ணுமேல ஒண்ணு கட்டிக் கெடக்கும். ஜேசிபி ஒரு இழு இழுத்தா ரெண்டும் போச்சு. ஒண்ணு ஃபைபர் போடு, இன்னொண்ணு ஒயரே இல்லாம, சிம் போடற ரவுட்டர், அதுலயும் ஃபைபர் குடுத்த கம்பெனி சிம் வேண்டாம், வேற கம்பெனி. உங்க மாமனார் வேண்டாத செலவும்பாரு, அவருக்கு ராத்திரி கிரிக்கெட் பாக்க அதே நெட்டுன்னு சொல்லிரு.

மத்த கேள்விக்கு நாளைக்கு எழுதறேன், த்ரீ பேஸ் வந்துருச்சு, மோட்டார் போட்டுட்டு தண்ணி கட்டப் போகோணும்.