கால் இழந்த தடகள வீரர் போட்டியை விட்டபிறகு என்ன வேலைக்குப் போகலாம்?

கேட்டவர் எழுதியிருந்தது சுருக்கமாக: தம்பிக்கு 27 வயது, இடது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. நீளம் தாண்டுதலில் மாநில அளவில் சில பதக்கங்கள். இனி போட்டி போதும் என்கிறார். வீட்டில் எல்லோரும் பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்கிறார்கள். சேலத்தை விட்டுப் போகாமல் வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. நானும் முழங்காலுக்குக் கீழே கால் போய், பிளேடு (ஓடுவதற்கென்று வளைத்துச் செய்த செயற்கைக் கால்) மாட்டி 100 மீட்டர் ஓடியவன்தான். இப்போது சேலத்தில் செயற்கைக் கால் பொருத்தும் இடம் ஒன்றில், புதிதாகக் கால் மாட்டுகிறவர்களுக்கு நடக்கப் பழக்கிவிடுகிறேன்.

பரீட்சை எழுத வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் இருப்பவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீத இடம் உண்டு. சான்றிதழ் கையில் இருந்தால் எழுதிக்கொண்டே இருக்கட்டும். அதை நம்பி மற்றதையெல்லாம் நிறுத்திவைப்பதுதான் தப்பு.

நம்மூரில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே மாரியப்பன் தங்கவேலு பெயர் வரும். பெரியவடகம்பட்டிக்காரர், பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோ 2016-ல் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸ் 2024-ல் வெண்கலம். (அவருக்குக் கால் எடுக்கப்படவில்லை. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. உள்ளூரிலேயே பலர் இதை மாற்றிச் சொல்கிறார்கள்.) பாராலிம்பிக் பதக்கத்துக்குப் பின்னால் பரிசுப் பணமும் வேலையும் வந்தன, வரவேண்டியதுதான். மாநிலப் பதக்கத்துக்கு யாரும் வீடு தேடி வரமாட்டார்கள். உங்கள் தம்பி கணக்குப் போடவேண்டியது பதக்கத்தை வைத்து அல்ல. இத்தனை வருஷம் அந்தக் காலோடு மல்லுக்கட்டியதில் அவருக்கு என்னென்ன தெரிந்திருக்கிறது என்பதை வைத்து.

என்ன தெரிந்திருக்கும் என்று கேட்டால், நிறைய. காலையில் கச்சிதமாக இருக்கும் சாக்கெட் (செயற்கைக் காலில் நம் கால் நுழையும் கூடு) மத்தியானத்துக்குள் தளர்ந்துபோகும், ஏனென்றால் நடக்க நடக்க ஸ்டம்ப், அதாவது மீதியிருக்கும் கால், சற்றுச் சுருங்கும். அப்போது அதன்மேல் ஒரு சாக்ஸ் கூடுதலாகப் போடவேண்டும். வெயிலில் லைனருக்குள் (ஸ்டம்பின் மேல் மாட்டும் மெத்தென்ற உறை) வியர்வை சேர்ந்தால் வழுக்கும்; கழற்றித் துடைத்துத்தான் திரும்ப மாட்டவேண்டும். எந்தச் சிவப்பு சும்மா அழுத்தம், எது நாளைக்குப் புண்ணாகும் என்று பார்த்தவுடன் தெரியவேண்டும். எங்களிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் சுகரில் கால் போனவர்கள், ஐம்பது அறுபது வயதுக்காரர்கள். உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தாலும் அவர்களுக்கு வலிக்காது. "தினமும் ராத்திரி கண்ணாடி வச்சுப் பாருங்க ஐயா" என்று டாக்டர் சொன்னால் தலையாட்டுவார்கள். நான் பேண்ட்டைத் தூக்கி என் காலைக் காட்டிச் சொன்னால் கண்ணாடி வாங்கிவிடுவார்கள்.

ஏற்காட்டு ஆட்கள் விஷயம் தனி. காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு எங்கள் ஹாலின் டைல்ஸ் தரையில் கம்பியைப் பிடித்து நடக்கத் தெரிந்தால் போதாது. விலை குறைந்த பாதங்களில் கணுக்கால் மடங்காது. சரிவில் இறங்கும்போது குதிகால் தொட்டதும் பாதம் தரையில் படிவதற்குள் முழங்கால் முன்னால் தள்ளப்படும். அந்த ஒரு நொடியில்தான் விழுவார்கள். ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் எல்லோருக்கும் பயம். சின்ன எட்டு, இறங்கும்போது செயற்கைக் கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில், ரொம்பச் செங்குத்து என்றால் பக்கவாட்டில் திரும்பி நல்ல காலை மேட்டுப் பக்கம் வைத்து இறங்கு. இதையெல்லாம் அடிவாரத்தில் நிஜச் சரிவில் கூட்டிப்போய்ப் பழக்குகிறேன். புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். ஆனால் எடையை எப்போது அந்தக் காலுக்குக் கொடுப்பது என்ற தைரியத்தைச் சொல்லிக்கொடுக்க, குழி மணலில் ஆயிரம் தடவை விழுந்தவன்தான் சரிப்படுவான்.

தம்பி பிளஸ் டூவில் அறிவியல் படித்திருந்தால் நேராக பி.பி.ஓ. படிக்கலாம், அதாவது செயற்கை உறுப்புக்கான பட்டப்படிப்பு. நான்கரை வருஷம், நீளம்தான். முடித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்தால்தான் அளவெடுத்துக் கால் கொடுக்கும் உரிமை. படிக்காவிட்டால் என்னைப்போல் பயிற்சிப் பக்கம், அல்லது பட்டறையில் சாக்கெட் வார்க்கும் பக்கம். சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, மறைக்கவில்லை. நான் சாயங்காலம் ஒரு ஜிம்மிலும் வேலை பார்க்கிறேன்.

பயிற்சியாளர் ஆக ஆசை என்றால் பாட்டியாலாவில் பயிற்சியாளர்களை உருவாக்கும் தேசிய விளையாட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.ஸின் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பிலிருந்து தொடங்கலாம். நிர்வாகப் பக்கமும் கதவு இருக்கிறது: எட்டு வயதில் மின்கம்பியில் கை போன ஈட்டி எறியும் வீரர் தேவேந்திர ஜஜாரியாதான் 2024-ல் இந்திய பாராலிம்பிக் கமிட்டியின் தலைவர் ஆனார். இரண்டு செயற்கைக் காலோடு இருக்கும் அமெரிக்காவின் ஏமி மல்லின்ஸ் 1996 அட்லாண்டா பாராலிம்பிக்கில் ஓடிவிட்டு மாடலிங், நடிப்பு என்று போனார். சேலத்திலிருந்து அதற்கு வழி எனக்குத் தெரியாது, துணிக்கடை விளம்பரத்தில்கூட நம்மைக் கூப்பிட மாட்டேன் என்கிறார்கள்.

ஒன்றை மட்டும் வேலை என்று நினைக்கவேண்டாம்: ஊக்கப் பேச்சு. பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கூப்பிடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், குத்துவிளக்கு கொடுப்பார்கள், பஸ் காசு நம்முடையது. என் அம்மா அந்தப் பொன்னாடைகளில் தலையணை உறை தைத்துவிட்டார். போகட்டும், ஆனால் கூப்பிடும்போதே போக வரச் செலவும் ஒரு தொகையும் சொல்லிவிடச் சொல்லுங்கள். கொடுக்கிற பள்ளிகளும் இருக்கின்றன, கேட்டால்தான் கொடுப்பார்கள்.

அப்புறம், பிளேடை விற்கிறேன் என்று சொன்னால் தடுத்துவிடுங்கள். லட்சக்கணக்கில் போட்டு வாங்கியது, விற்றால் கால்வாசிகூட வராது.