தளந்துபோன அரணாக்கவுறும் தட்டுல மீந்த சோறும்

கேள்வி: அக்கா வணக்கமுங்க. நாங்க கவுந்தப்பாடி பக்கம். எங்க மாமனாருக்கு 66 வயசு, வயித்துல கேன்சர்னு தை மாசம் சொன்னாங்க. கீமோ மூணு ஆயிருச்சு, இன்னொன்னு போட்டுட்டு ஆபரேசன்னு டாக்டர் சொல்லிருக்காரு. தீவாளிக்கு 64 கிலோ இருந்தவரு இப்ப 55. நாலு வாய் சாப்ட்டதும் தட்டைத் தள்ளிடறாரு. அத்தை பாதி நாள் அழுவுறாங்க, பாதி நாள் திட்டறாங்க. பச்சத்தண்ணி குடிச்சாவே தொண்டைல முள்ளு குத்துதுங்கறாரு. வர்ற ஒறம்பரை எல்லாம் ஆளுக்கொண்ணு சொல்றாங்க, சக்கரை ஆகாது, முட்டை ஆகாது, பால் ஆகாது, பப்பாளி இலை சாறு குடுன்னு. காலம்பூரா கரும்பாலை ஓட்டுன மனுசனுக்கு ஒரு துண்டு வெல்லம் குடுக்கறதில்லீங்க. அடுத்த மாசம் நோம்பி, கெடா வெட்டு இருக்குது, கறி ஆக்கறதா வேண்டாமான்னு அதுக்கு வேற வீட்ல ஒரே பேச்சு. என்னதானுங்க பண்றது?
- ஒரு மருமக

பதில்: அம்மிணி, லெட்டர படிச்சதும் நான் மொதல்ல கணக்குதான் போட்டேன். 64ல 9 போச்சு, நூத்துக்கு 14. ஆறு மாசத்துல நூத்துக்கு 5க்கு மேல தன்னால எடை எறங்குனாவே அதை வெறும் எளைப்புன்னு விடக்கூடாது, அதுக்கு கேக்கெக்சியான்னு தனிப்பேரே இருக்குது, 2011ல பல நாட்டு டாக்டருங்க கூடி இதுதான் அளவுன்னு வரையறுத்தாங்க. கிரேக்க மொழில 'கெட்ட நெலமை'ன்னு அர்த்தமாம். நாம 'ஆளே உருகிப் போய்ட்டாரு'ங்கறோமே, எனக்கென்னமோ அந்த வார்த்தைதான் இன்னும் பொருத்தமா படுது.

அதனால உங்க மாமனார் பிடிவாதம் பண்றாருன்னு வீட்ல யாரும் நெனைக்க வேண்டாம், அத்தை சமையல்லயும் ஒரு கொறையும் இல்ல. சும்மா பட்டினி கெடந்தா ஒடம்பு என்ன பண்ணும், கொழுப்பை எடுத்து எரிச்சுட்டு தசைய முடிஞ்ச மட்டும் காப்பாத்தி வெக்கும். கேன்சர் வந்த ஒடம்பு அப்படி பண்றதில்ல. ஐஎல்-6, டிஎன்எஃப்னு சில ரசாயனங்க ரத்தத்துல எச்சா ஆயி, கொழுப்போட சேத்து தசையையும் கரைச்சுட்டே இருக்கும். உங்க மாமனாருக்கு புரியறாப்ல சொல்லணும்னா, கொப்பரைக்கு அடியில எரிக்க காஞ்ச சக்கை ஆலைல குமிஞ்சு கெடக்கறப்பவே கூரைல இருந்து மரத்தை உருவி அடுப்புல போடறாப்ல. சோறு மட்டும் எச்சா போட்டா இது முழுசா நிக்காது, அதுக்குன்னு போடாமயும் விட முடியாது, இதுதான் இந்த சீக்குல கெரகம்.

பசியும் அதே கதைதான். ஜிடிஎஃப்-15னு ஒரு புரதம், இந்த சீக்குல பல பேருக்கு எச்சா சொரக்குது, அது மூளைக்கு அடித்தண்டுல போயி 'சாப்பாடு வேண்டாம், கொமட்டுது'ன்னு தகவல் குடுக்குது. நீங்க தட்டை வெக்கறதுக்கு முந்தியே அங்க முடிவு ஆயிருச்சு. (அதை அடக்கற ஊசிய 187 பேருக்கு போட்டுப் பாத்த ஆராய்ச்சி 2024ல வந்துது, 12 வாரத்துல எடை ஏறுச்சு, ஆனா அது இன்னும் ஆராய்ச்சி மருந்துதான், அதைத் தேடி அலையாதீங்க.)

இதெல்லாம் தெரிஞ்ச நானே தப்பு பண்ணிருக்கேன். எங்கய்யனுக்கு கணையத்துல வந்தப்ப நான் ஆஸ்பத்திரில டயட்டீசியனா ஏழாவது வருசம். ஊரு பூரா புத்தி சொல்லிட்டு வூட்டுக்கு வந்து கிண்ணத்தோட அவரு கட்டில் பக்கத்துல உக்காந்து, இன்னும் ரெண்டு வாய், இன்னும் ஒரே வாய்னு ஊட்டுவேன், எனக்காக முழுங்குவாரு, அப்புறம் திண்ணைல நாலு பேரு பாக்க அத்தனையும் வாந்தி. ஒரு வாரம் கழிச்சுதான் கவனிச்சேன், சமையக்கட்டுல தட்டு எடுக்கற சத்தம் கேட்டாவே தூங்கறாப்ல கண்ண மூடிக்கறாரு. அத்தைகிட்ட இதை மட்டும் சொல்லுங்க. தட்டைக் கொண்டுபோயி வெச்சுட்டு பக்கத்துல உக்காராம போய்ரணும், அரைமணி கழிச்சு வந்து எத்தனை இருந்தாலும் ஒண்ணும் சொல்லாம எடுத்துரணும்.

சரி, தொண்டைல முள்ளு. வயித்து கேன்சருக்கு ஆக்சாலிப்ளாட்டின்னு ஒரு கீமோ மருந்து போடுவாங்க, அது நரம்பைத் தொடறதால குளுந்தது எதைக் குடிச்சாலும் தொண்டை சுருக்குனு குத்தும், பிரிட்ஜ்ல கைய வெச்சாக்கூட வெரலு மரத்து ஊசி குத்தறாப்ல இருக்கும், கீமோ போட்ட மொத சில நாள் எச்சா இருக்கும். ஆஸ்பத்திரி சீட்டுல அந்த பேரு இருக்குதான்னு பாருங்க. இருந்தா வாய் கசப்புக்கு ஐஸ்கிரீம் குடு, ஜில்லுனு ஜூஸ் குடுன்னு பொதுவா சொல்றதெல்லாம் உங்க வூட்டுக்கு ஒத்துவராது, எல்லாமே வெதுவெதுன்னு. எதுக்கும் டார்ச் அடிச்சு வாய்க்குள்ள ஒரு தடவை பாத்துருங்க, புண்ணு இருந்தா அது வேற சமாச்சாரம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில கால் ஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு போட்டு நாளைக்கு நாலஞ்சு தடவை கொப்புளிக்கச் சொல்லுங்க, காரம் புளி நிறுத்துங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. கீமோல நாக்குல இரும்பு வெச்சாப்ல ஒரு ருசி வரும், அப்ப எவர்சில்வர் தட்டு ஸ்பூன் டம்ளர் எல்லாம் எடுத்து வெச்சுட்டு வாழை இலை, பீங்கான் கப்புன்னு மாத்திப் பாருங்க, சில பேருக்கு அதுவே வித்தியாசம் தெரியும். தாளிக்கிற வாசம் கொமட்டுச்சுன்னா அவரை அந்நேரத்துக்கு வாசல்ல வேப்பமரத்தடிக்கு அனுப்பிருங்க.

வெல்லத்துக்கு வருவோம். கேன்சர் செல்லு குளுக்கோஸ எச்சா இழுக்கும்ங்கறது நெசம்தான், 1920கள்லயே ஓட்டோ வார்பர்க்னு ஒரு ஜெர்மன்காரரு சொன்னாரு. ஆனா நீங்க வாய்ல வெல்லத்தை நிறுத்துனா கேன்சர் பட்டினி கெடக்காது அம்மிணி, ஒடம்பு தசைய ஒடைக்கும், கல்லீரலு அதை சக்கரையா மாத்தி ரத்தத்துல விட்டுரும். வெல்லத்தை மிச்சம் புடிச்சு அவரு தொடைய செலவு பண்றீங்க, அவ்ளோதான். இதை சொல்ற ஒறம்பரைகிட்ட சண்டைக்கு போகாதீங்க, காபி குடுத்து அனுப்பி வைங்க. கடலையும் வெல்லமும் சேத்து இடிச்சு சின்ன சின்ன உருண்டை புடிச்சு அவரு கட்டிலுக்கு பக்கத்துல ஒரு டப்பால வைங்க, கவுந்தப்பாடி சக்கரை ருசிய அவரு நாக்கு மறக்கறதுக்கு எத்தனை கீமோ வேணுமோ தெரியல. ஒண்ணே ஒண்ணு, கீமோவோட டெக்சாமெத்தசோன்னு ஸ்டீராய்டு போடுவாங்க, அது ரத்தத்துல சக்கரைய ஏத்தும், அவருக்கு ஏற்கனவே சுகர் இருந்தா டாக்டர் சொல்ற அளவுதான்.

முட்டையும் பாலும் ஆகாதுங்கறதுக்கு ஒரு ஆதாரமும் கெடையாது. இந்த நேரத்துல அவருக்கு வேணுங்கறதே புரதந்தான், ஒரு கிலோ எடைக்கு 1 கிராமுக்கு மேல, முடிஞ்சா ஒன்றரை வரைக்கும், அப்ப 55 கிலோவுக்கு நாளைக்கு 55ல இருந்து 80 கிராம். கிட்னி கோளாறு இருந்தா மட்டும் டாக்டரைக் கேட்டுக்கோங்க. இப்ப நீங்க என்ன குடுக்கறீங்கன்னு லெட்டர்ல எழுதல, ஆனா எனக்குத் தெரியும், அரிசிக் கஞ்சியும் எலும்பு சூப்பும். கஞ்சி ஒரு டம்ளர்ல புரதம் ரெண்டு கிராம் தேறாது. எலும்பு சூப்பு மேல நம்ம சனத்துக்கு இருக்கற பக்தி இருக்கே, 22 வருசம் நான் இதோட மல்லுக்கட்டிருக்கேன், சூப்பு நாக்குக்கு நல்லதுதான், ஆனா எலும்புல இருந்து எறங்கறது பூரா ஜெலட்டின், தசை கட்டறதுக்கு அது அரைகொறை புரதம். சாறைக் குடுத்துட்டு சதைய பேரனுக்கு போட்டுருவாங்க! சதைய அரைச்சாவது அவருக்குப் போடுங்க.

முட்டை ஒண்ணுல 6 கிராம், நாமக்கல் பக்கத்துலயே இருக்கையில முட்டைக்கு பஞ்சமா, ரெண்டு நல்லா வேக வெச்சு குடுங்க, ஆஃபாயில் வேண்டாம், கீமோல கிருமிய எதுக்கற வெள்ளணு கொறையற நேரம். பால் 400 மில்லில ஒரு கைப்பிடி பால் பவுடர் கலக்குனா 20 கிராம் வந்துரும். அரிசிம்பருப்பு சோத்துல பருப்ப எச்சா போட்டு கொழைய வேக வெச்சு நெய்ய ஊத்துங்க. நாட்டுக்கோழி 50, 60 கிராம் கொத்துனாப்ல, ராத்திரிக்கு சந்தகையும் தேங்காப்பாலும், நடுவுல தயிரு, நெலக்கடலை சட்னி. கொள்ளு அவருக்கு வாயு புடிச்சா விட்டுருங்க. வயித்துலயே கட்டி இருக்கறவருக்கு மூணு வேளை தட்டு நெறையங்கறது சாத்தியமே இல்ல, ஆறு ஏழு தடவை, கரண்டி கரண்டியா, சாப்பாட்டோட தண்ணி குடிக்காம முன்ன பின்ன குடிக்கட்டும். பொழுதோட பசி போயிரும், வெள்ளன எந்திரிச்ச கையோட பசி கொஞ்சம் இருக்கும், அப்பவே நல்ல சாப்பாட்டைக் குடுத்துருங்க, இட்லி மத்தியானத்துக்கு இருக்கட்டும்.

இத்தனையும் தின்னுட்டு கட்டில்லயே படுத்துருந்தா பாதி வீண். படுத்த ஒடம்புல தசை நிக்காது, அதுலயும் அந்த ஸ்டீராய்டு தொடைலதான் மொதல்ல கை வெக்கும். அவரு உக்காந்து எந்திரிக்கறதை பாருங்க, கைய ஊணாம எந்திரிக்க முடியுதா? நெத்திப்பொட்டு குழிஞ்சுருக்கா? அரணாக்கவுறு எறங்கி இடுப்பெலும்பு மேல நிக்குதா? எடை மெஷின் சிலசமயம் பொய் சொல்லும், வயித்துலயோ காலுலயோ நீரு கோத்துகிட்டா எடை ஏறுனாப்ல காட்டும், கவுறு பொய் சொல்லாது. கயித்துக் கட்டில்ல இருந்து எந்திரிக்க வேண்டாம், பள்ளத்துல இருந்து எந்திரிக்கறாப்ல ஆயிரும், செவுத்தோரமா ஒரு சேரைப் போட்டு காலைல 10 தடவை, பொழுதோட 10 தடவை எந்திரிச்சு உக்காரட்டும், முடியலைன்னா 4 போதும். அப்புறம் கட்டுத்தரை வரைக்கும் நடந்து மாட்டை பாத்துட்டு வரட்டும், 'நடங்க மாமா'ன்னா வரமாட்டாரு, 'கன்னுக்குட்டி சரியா குடிக்கல, ஒரு எட்டு பாருங்க மாமா'ன்னா வருவாரு. காய்ச்சலு, கிறுகிறுப்பு இருந்தா அன்னைக்கு வேண்டாம். இதெல்லாம் எதுக்குன்னா ஆபரேசன் வருதே, தசை கொறைஞ்சவங்களுக்கு ஆபரேசனுக்கப்புறம் சிக்கலும் எச்சா, கீமோவோட தொந்தரவும் எச்சா. நமக்கு இருக்கறது சில வாரந்தான்.

அடுத்த தடவை டாக்டரைப் பாக்கறப்ப 'பசியே இல்லீங்க'ன்னு நீங்களே வாயத் தொறந்து சொல்லுங்க, நம்மாளுக அதை சீக்கோட ஒரு பாகம்னு நெனச்சு சொல்றதே இல்ல. நம்ம பக்கத்துலயே பாண்டிச்சேரி ஜிப்மர்ல 124 பேருக்கு ஓலன்சபின்ங்கற மாத்திரைய ராத்திரிக்கு 2.5 மில்லிகிராம், 12 வாரம் குடுத்து பாத்தாங்க, 2023ல வந்த ஆராய்ச்சி, வயித்து கேன்சர்காரங்களும் அதுல இருந்தாங்க. மாத்திரை எடுத்தவங்கள்ல நூத்துக்கு 60 பேருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு, டம்மி மாத்திரை எடுத்தவங்கள்ல நூத்துக்கு 9 பேருக்குத்தான். அது மனநோய்க்கு பெரிய டோஸ்ல குடுக்கற மருந்து, மெடிக்கல்ல பேரைப் பாத்துட்டு அத்தை பயந்துற போறாங்க, முன்னாலயே சொல்லி வைங்க. தூக்கம் வரும், சுகர் ஏறலாம், அதனால டாக்டர் எழுதுனாதான், நீங்களா வாங்கக் கூடாது. சாப்பாடு உள்ளயே எறங்கலைன்னா ட்யூப் வைக்கலாம்னு சொல்லுவாங்க, அதைக் கேட்டு 'கதை முடிஞ்சுது'ன்னு அழ ஆரம்பிக்காதீங்க, ஆபரேசன் வரைக்கும் தெம்பைத் தாங்கி நிறுத்தற வழிதான் அது.

பப்பாளி இலை சாறு வேண்டாம். கேன்சரை அது குணமாக்குனதா மனுசங்ககிட்ட யாரும் நிரூபிக்கல, பச்சையா அரைச்ச இலைல கிருமி இருந்தா வெள்ளணு கொறைஞ்ச ஒடம்பு தாங்காது. ஏற்கனவே குடுத்துட்டு இருந்தா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிருங்க. காய்ச்சல் 100.4 தாண்டுனா, ஒரு நாள் பூரா வாந்தி நிக்கலைன்னா, தண்ணியே எறங்கலைன்னா, கருப்பா வெளிக்கு போனா, விடியட்டும்னு பாக்காம கெளம்பிருங்க.

நோம்பிக்கு தாராளமா கறி ஆக்குங்க. ஈரலை நல்லா வேக வெச்சு, காரம் கொறைச்சு, ஒறம்பரைக்கு பந்தி போடறதுக்கு முந்தியே அவருக்குன்னு ஒரு சின்ன கிண்ணத்துல எடுத்து மூடி வெச்சுருங்க. பந்தில உக்கார வெச்சு எல்லாரும் அவரு தட்டையே பாத்துட்டு இருக்க வேண்டாம். கூட்டம் கலைஞ்சப்புறம் அவரே கேட்டாலும் கேப்பாரு, கேக்கலைன்னா காலைல சூடு பண்ணி குடுக்காதீங்க, புதுசா ஒரு முட்டைய வேக வைங்க.