சுவரை உடைக்க வேண்டாம் தம்பி, முதலில் முனையைப் பாருங்கள்

தம்பி, உங்கள் நிலைமை எனக்குப் புரிந்தது இதுதான். ஜெர்மனிக்குக் கிளம்பும் முன் தண்டையார்பேட்டை வீட்டில் மூன்று தளத்துக்கும் இணையத்துக்கான கேட் சிக்ஸ் கேபிள் இழுத்து, அறைக்கு ஒரு பாயின்ட் வைத்துவிட்டு வந்தீர்கள். இப்போது அம்மா அப்பா இருக்கும் கீழ் அறையில் வீடியோ கால் விட்டு விட்டு வருகிறது. முதல் மாடியில் வேகம் 94 மெகாபிட்டைத் தாண்டவில்லை. மொட்டை மாடி அறையில் எதுவுமே வரவில்லை. எலக்ட்ரீஷியனோ, "டெஸ்டர்ல எட்டு லைட்டும் எரியுது சார்" என்கிறார். சுவரை உடைத்துப் புதிதாக இழுக்கச் சொல்லவா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். சுவருக்குள் போன கேபிள் நடுவில் கெடுவது குறைவு. புது வேலையில் கோளாறு பெரும்பாலும் இரண்டு முனைகளில்தான் இருக்கும்.

நானும் ராயபுரத்துக்காரன்தான். இங்கே ஜெர்மனிக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஊரில் வீட்டில் எது பழுதானாலும் இங்கிருந்தே சரிசெய்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும், அது எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவை ஸ்டூல் மேல் ஏற்றி, "அந்த ஒயரைப் பிடுங்குங்க, இதுல சொருகுங்க" என்று போனில் வேலை வாங்காதீர்கள். தெருவில் லேப்டாப் வைத்திருக்கும் காலேஜ் பையன் ஒருவன் கட்டாயம் இருப்பான். அவனிடம் பேசுங்கள். சனிக்கிழமை இங்கே காலை 8 மணி என்றால் கோடையில் அங்கே 11.30, குளிர்காலத்தில் 12.30. அவனும் இருப்பான், வெளிச்சமும் இருக்கும். அவன் மொபைல் டேட்டாவில் பேசட்டும். கேபிளைக் கழற்றினால் வீட்டு வைஃபை போய்விடும் அல்லவா.

அப்பா தன் போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டு அனுப்பும் படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது வைஃபையின் வேகம், கேபிளுடையது அல்ல. பையன் லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, கடையில் வாங்கிய குட்டி பேட்ச் கார்டால், அதாவது இரண்டு முனையிலும் பிளக்கோடு வரும் சிறிய நெட்வொர்க் ஒயரால், நேராக ரூட்டரில் சொருகட்டும். விண்டோஸில் ஈதர்நெட் செட்டிங்கில் லிங்க் ஸ்பீடு என்று ஓர் எண் இருக்கும். அங்கேயே 100 என்று காட்டினால் வீட்டு கேபிள்மேல் பழி போடக் கூடாது. இணைய நிறுவனங்கள் தரும் சில பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட் (1000 மெகாபிட்), மற்றவை 100 மெகாபிட்தான். 100 மெகாபிட் லைனில் கையில் கிடைப்பது சுமார் 94தான். உங்கள் பிளானே 100 என்றாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். ரூட்டரில் 1000 காட்டி, அதே லேப்டாப், அதே கார்டு முதல் மாடி பாயின்ட்டில் 100 காட்டினால் மட்டுமே அந்தக் கேபிளைச் சந்தேகப்படலாம்.

அந்த 94 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கேபிளுக்குள் நாலு ஜோடி ஒயர். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய பின்களில் வரும் இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். நீலத்திலோ பிரவுனிலோ ஓர் ஒயர் சரியாகக் கடிபடாவிட்டால், பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். முதல் மாடியில் சுவர்ப் பெட்டியைத் திறந்து ஜாக்கை மறுபடி பஞ்ச் செய்தாலே, அதாவது ஒயர்களை அதில் அழுத்திப் பதித்தாலே, அநேகமாகச் சரியாகிவிடும்.

கீழ் அறைதான் எனக்குச் சந்தேகம். எட்டு லைட்டும் வரிசையாக எரிவதால் எலக்ட்ரீஷியன் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த டெஸ்டர், ஒயர் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எது எதோடு முறுக்கிக்கொண்டு வருகிறது என்று பார்க்காது. பையனிடம் பிளக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: கிளிப் அடியில், தங்கப் பல் மேலே, கேபிள் தன் பக்கம். இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்று இருக்க வேண்டும். பச்சை ஜோடி பிரிந்து நீலத்துக்கு இரண்டு பக்கமும் உட்காருவதைக் கவனியுங்கள். நிறைய பேர் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பச்சையையும் வெள்ளை-பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பிளக்கை அழுத்திப் பூட்டி (கிரிம்ப் செய்து) விடுவார்கள். இரண்டு முனையிலும் அதே தப்பு என்றால் டெஸ்டர் பாஸ் சொல்லும். ஆனால் 3, 6 பின்களில் வருவது ஒன்றோடொன்று முறுக்காத இரண்டு ஒயர்கள். சிக்னல் பக்கத்து ஜோடியில் கசியும், கால் விட்டு விட்டு வரும். அதே படத்தில் முறுக்கு எவ்வளவு தூரம் பிரித்திருக்கிறது என்றும் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் பிரித்திருந்தால் வெட்டிவிட்டுத் திரும்பப் போட வேண்டியதுதான்.

மொட்டை மாடி விஷயம் வேறு. அங்கே ஒயர் வெளிச்சுவரோடு ஏறியிருக்கும். முதலில் கீழே எல்லா நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் அது சொருகியிருக்கிறதா, வேறு போர்ட்டுக்கு மாற்றினால் வருகிறதா பாருங்கள். அப்புறம் முனையை. நம் பக்கம் கடற்கரை எவ்வளவு கிட்ட என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்புக் காற்றில் மட்டமான பிளக்கின் பற்கள் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். உள்ளே போடும் சாதாரண கேபிளின் மேல்தோல் வெயிலில் வெடித்துவிடும். வெட்டிய முனையில் ஓர் ஒயரை பிளேடால் சுரண்டச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் போட்ட அலுமினியம். மடக்கினால் முறியும், கேமராவுக்கு அதன் வழியே கரண்டும் கொடுத்தால் வோல்டேஜ் இறங்கும். இந்த ஒரு லைனை மட்டும் முழுச் செம்பு அவுட்டோர் கேபிளாக மாற்றிவிடுங்கள். பைப் வெளியே இருப்பதால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. கரண்டு ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைத்திருந்தால் கட்டாயம் பிரிக்கச் சொல்லுங்கள். அது வேகத்தைவிட உயிர் சம்பந்தப்பட்டது.

எலக்ட்ரீஷியனிடம் பேசும் விதமும் முக்கியம் தம்பி. "ஜெர்மனியில இப்படிச் செய்ய மாட்டாங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். நாளைக்கு ராத்திரி மெயின் ஸ்விட்ச் விழுந்தால் ஓடி வரப்போவது அவர்தான், நாம் இல்லை. "அண்ணா, கீழ் ரூம்ல பச்சை ஒயர் இடம் மாறியிருக்கு, படம் அனுப்பியிருக்கேன், ரெண்டு முனையும் மாத்திக் கொடுங்க" என்று கேளுங்கள். மறுவேலைக்குக் கூலி கொடுங்கள். பாக்கிப் பணம் இருந்தால், ஒவ்வொரு பாயின்ட்டிலும் லேப்டாப்பில் 1000 காட்டியதும் கொடுத்துவிடுவதாகச் சொல்லுங்கள். இங்கே அலுவலகங்களில் கேபிள் போட்டால் ஒவ்வொரு லைனையும் அளந்து அறிக்கையோடுதான் ஒப்படைப்பார்கள். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை, இந்த எண் போதும்.

கீழ் அறைப் படம் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், இரண்டு முனையும் தெரிகிற மாதிரி. பார்த்துச் சொல்கிறேன்.