மகளின் படுக்கையறைச் சுவரை அலங்கரிக்க பெயின்ட், வால்பேப்பர், ஸ்டிக்கர் இவற்றில் எது சரி?

6 வயது மகளுக்குத் தனி அறை தயாராகிறது, சுவர் முழுக்க யூனிகார்ன் வால்பேப்பர் ஒட்டலாமா, இல்லை பெயின்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயின்ட் அடியுங்கள், அதுவும் படம் எதுவும் இல்லாத வெறும் நிறமாக. ஆறு வயதில் யூனிகார்ன் வேண்டும் என்று அடம்பிடிக்கிற பெண், எட்டு வயதில் அதைப் பார்த்து "சின்னப் பிள்ளைங்க ரூம் மாதிரி இருக்கு" என்பாள். அடிநிறம் ஐந்தாறு வருஷம் தாங்கட்டும். அவளுக்குப் பிடித்ததெல்லாம் அதன் மேல், ஒரு மணி நேரத்தில் கழற்றி மாற்றக்கூடிய விதத்தில் வரட்டும்.

நிறம் தேர்வு செய்வதற்கு முன் சுவரைச் சோதியுங்கள். ஓதம் இருக்கிற சுவரில் என்ன ஒட்டினாலும் நிற்காது. ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒருநாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. குளியலறையை ஒட்டிய சுவரிலும் வெளிச்சுவரின் அடிப்பகுதியிலும் கட்டாயம் பாருங்கள். கசிவை நிறுத்தாமல் மேலே பட்டி (சுவரைச் சமன்படுத்தும் மாவுப் பூச்சு) பார்த்து மூடினால், சில மாதத்தில் உப்புப் பூத்து பெயின்டோடு உரிந்து வரும். புதிய சிமென்ட் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் கழித்துத்தான் பெயின்ட்.

அடுத்தது, உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளையாகத் தூள் ஒட்டினால் பழைய பூச்சு உதிர்கிறது என்று அர்த்தம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்து, பிரைமர் (பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) ஒரு கோட் அடித்த பிறகே மேற்கொண்டு வேலை. ஆனால் வீடு பல பத்தாண்டு பழையது, சுவரில் பழைய ஆயில் பெயின்ட் இருக்கிறது என்றால் காய்ந்த சுவரில் உப்புத்தாள் போடவே கூடாது. அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூள் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். முதலில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, இருந்தால் விவரம் தெரிந்த ஆளிடம் விடுங்கள்.

நிறத்தை ஷேட் கார்டில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாம்பிள் வாங்கி, இரண்டு அடி அகல அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலையில் ஜன்னல் பக்கமும் இரவில் விளக்கின் கீழும் வைத்துப் பாருங்கள். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் லாவண்டர் சாம்பல் தட்டிப்போகும். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் பீச் நிறம் சோகையாகத் தெரியும். பிங்க் கேட்டால் இன்னும் கவனம் வேண்டும்: நாலு சுவரும் ஒன்றின் மேல் ஒன்று நிறத்தைப் பிரதிபலிப்பதால் அறைக்குள் அது கார்டில் இருப்பதைவிட அழுத்தமாகிவிடும். பிடித்த ஷேடுக்கு இரண்டு படி வெளிர்ந்ததை எடுங்கள். மகளிடம் "என்ன கலர் வேணும்?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, உங்களுக்குச் சம்மதமான மூன்றை வைத்து அதிலிருந்து எடுக்கச் சொல்வது புத்திசாலித்தனம்.

இந்த வயதுக்கு நான் முதலில் சொல்வது இருநிறச் சுவர்தான். கீழே 4 அடி வரை கொஞ்சம் அடர்ந்த நிறம், துடைத்தால் போகிற, லேசாக மினுங்கும் சாட்டின் பூச்சு. மேலே வெளிர்நிறத்தில் மினுக்கம் இல்லாத மேட் பூச்சு. கைரேகை, கிரேயான் கிறுக்கல், கட்டில் உரசல் எல்லாம் அந்த 4 அடிக்குள்தான் நடக்கும். அறை 10×12 அடி, உயரம் 10 அடி என்றால் கீழ்ப்பட்டை, கதவு நீங்கலாகச் சுமார் 160 சதுர அடி வரும். இரண்டு கோட் அடிக்க லிட்டருக்கு 60 முதல் 70 சதுர அடி என்று கணக்குப் போட்டால் இரண்டரை லிட்டர். சாட்டின் பூச்சு சுவரின் மேடுபள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும். அதனால் கீழ்ப்பகுதியில் பட்டி வேலை சுத்தமாக இருக்கட்டும்.

இரண்டு நிறமும் சந்திக்கும் கோட்டில்தான் பெரும்பாலும் சொதப்பும். தரையிலிருந்து அங்கங்கே 4 அடி அளந்து புள்ளி வைக்காதீர்கள், தரை ஒருபோதும் மட்டமாக இருக்காது. ஒரு இடத்தில் மட்டும் அளந்துவிட்டு, ட்யூப் லெவலாலோ (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) லேசர் மட்டத்தாலோ அந்த உயரத்தைச் சுவர் சுற்றிக் கொண்டுபோங்கள். மேல்நிறம் அடித்து 24 மணி நேரமாவது காய்ந்த பிறகு, கோட்டுக்கு மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் கீழ் ஓரத்தைப் பழைய பிளாஸ்டிக் கார்டால் அழுத்தித் தேயுங்கள். இப்போது பலர் விட்டுவிடுகிற வேலை ஒன்று இருக்கிறது. கீழ்நிறத்தை அடிக்கும் முன், அதே மேல்நிறத்தை டேப்பின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு இழுப்பு இழுங்கள். டேப்புக்கு அடியில் இடுக்கு இருந்தால் கசிந்து உள்ளே போவது மேல்நிறமாகவே இருக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியாது, இடுக்கும் அடைபட்டுவிடும். அது காய்ந்ததும் கீழ்நிறம் இரண்டு கோட், நடுவில் நாலு மணி நேர இடைவெளி. கடைசி கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பைப் பின்பக்கமாக மடித்து, 45 டிகிரி சாய்வில் மெதுவாக உரியுங்கள். முழுக்கக் காயவிட்டால் பெயின்ட் தோலும் டேப்போடு கிழிந்து வரும். அப்படிக் காய்ந்துபோனால், ஓரத்தில் பிளேடால் லேசாகக் கீறிவிட்டு உரிக்கலாம்.

'வாசம் இல்லாதது' என்று டப்பாவில் போட்டிருந்தாலும், வேலை முடிந்து மூன்று நாலு நாள் ஜன்னல் திறந்து கிடக்கட்டும். அதுவரை குழந்தை வேறு அறையில் தூங்கட்டும்.

ஸ்டிக்கர் ஒட்ட இன்னும் பொறுக்க வேண்டும். பெயின்ட் தொட்டால் காய்ந்திருக்கும், ஆனால் முழுதாக இறுக மூன்று நாலு வாரம் ஆகும். அவசரப்பட்டு ஒட்டினால் குமிழ் விடும், கழற்றும்போது பெயின்டையும் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் செய்தித்தாளில் அதே அளவு வெட்டி டேப்பால் ஒட்டி, கதவு பக்கம் நின்று பாருங்கள். சின்னச் சின்ன ஸ்டிக்கரைச் சுவர் முழுக்க இறைப்பதைவிட, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் கூட்டமாக ஒட்டுவது அழகு. பின்தாளை முழுசாக உரிக்காமல் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். மிஞ்சிய குமிழை ஊசியால் குத்தித் தடவினால் அமுங்கிவிடும். கழற்றும்போது ஹேர் டிரையரால் சூடு காட்டினால் பசை இளகும்.

வால்பேப்பர்தான் வேண்டும் என்றால் கட்டில் தலைமாட்டுச் சுவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பரப்பளவை வைத்துக் கணக்குப் போடுவது தப்பு. சாதாரண ரோல் 53 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம். டிசைன் 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்றால், 10 அடி (சுமார் 305 செ.மீ.) சுவருக்கு, டிசைன் பொருந்த, ஒரு பட்டையை ஐந்து டிசைன் நீளம், அதாவது 320 செ.மீ.யாக வெட்ட வேண்டும். ஒரு ரோலில் மூன்று பட்டைதான் தேறும். 12 அடி அகலத்துக்கு ஏழு பட்டை, ஆக மூன்று ரோல். எல்லா ரோலிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

படம் மாட்டும் உயரம் உங்கள் கண்ணுக்கு அல்ல, அவள் கண்ணுக்கு. இந்த வயதில் அது தரையிலிருந்து ஏறக்குறைய 105 செ.மீ. அவளே வரைந்ததை மாட்ட, மெல்லிய மரச்சட்டத்தில் கிளிப் வைத்தால் போதும். வாரம் ஒன்றாக அவளே மாற்றிக்கொள்வாள். காந்தப் பெயின்டை நம்பாதீர்கள். மூன்று கோட் அடித்தாலும் ஒரு தாளைத் தாங்குவதே பெரிய விஷயம், இரும்புத் தகடு ஸ்க்ரூ போட்டு மாட்டுவது மேல். சாக்போர்டு பெயின்டையும் கட்டில் பக்கம் வேண்டாம், தூள் தலையணையில்தான் வந்து விழும்.

தலைமாட்டுக்கு மேலே கண்ணாடிச் சட்டமோ ஷெல்ஃபோ கூடாது. துணித்தொங்கல், காகிதம் இந்த அளவோடு இருக்கட்டும். வேறு சுவரில் ஷெல்ஃப் போட்டால் ராவல் பிளக் (சுவர்த் துளைக்குள் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் உறை) வைத்து ஸ்க்ரூ முடுக்குங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் டிரில் போடாதீர்கள், ஒயர் அந்த வழியில்தான் போகும். நீளமான கயிறு, தோரணம், விளக்குச் சரம் எதுவும் படுத்தபடி கைக்கு எட்டக்கூடாது, கழுத்தில் சுற்றும் ஆபத்து உண்டு. விளக்குச் சரம் வாங்கினால் 5 வோல்ட் யூஎஸ்பி வகை எடுங்கள். பட்டன் பேட்டரி போடுவதை வாங்கவே வேண்டாம். குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும்.