காந்தார புத்தர் கிரேக்கர்களின் கொடையா?

வணக்கம் ஐயா. புத்தருக்கு உருவம் கொடுத்ததே கிரேக்கர்கள்தான், அலெக்சாண்டர் வந்திருக்காவிட்டால் இந்தியாவில் சிலைக்கலையே இருந்திருக்காது என்கிறார் என் நண்பர். இன்னொருவரோ கிரேக்கர்களுக்கும் நமக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, எல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்கிறார். எதை நம்புவது?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டையுமே நம்பவேண்டாம். மொகஞ்சதாரோவின் வெண்கல நடனப்பெண் அலெக்சாண்டருக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம் மூத்தவள். அதோடு, அலெக்சாண்டர் கி.மு. 327-ல் வந்து இரண்டு வருடத்தில் போய்விட்டார். கிரேக்கச் செல்வாக்கு வேர்விட்டது அவருக்கு அப்புறம், பாக்திரியாவிலேயே, அதாவது இன்றைய வடக்கு ஆப்கானிஸ்தான் பக்கம் குடியேறித் தங்கிவிட்ட கிரேக்கர்களால்தான். அவர்கள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இந்துகுஷ் மலையைத் தாண்டி வந்து காந்தாரத்தையும் (இன்றைய பெஷாவர் பக்கம்) பஞ்சாபையும் ஆண்டார்கள்.

அவர்களுடைய நகரம் ஒன்றை, அய் கானூம் என்ற இடத்தில், பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1964 முதல் அகழ்ந்தார்கள். நாடக அரங்கு, உடற்பயிற்சிக்கூடம், கிரேக்க நாட்டின் புகழ்பெற்ற டெல்பி கோயிலின் அறவுரைகளைச் செதுக்கிய கல் எல்லாம் கிடைத்தன. ஆனால் அங்கே உள்ள பெரிய கோயில் கிரேக்கக் கோயில் மாதிரி இல்லை, மெசபடோமியா பாணியில் இருக்கிறது. அதே ஊரில் அகதோக்ளிஸ் என்ற கிரேக்க அரசன் அடித்த சதுர வெள்ளிக் காசுகளும் கிடைத்தன. ஒரு பக்கம் கலப்பை ஏந்திய பலராமர், கிரேக்க எழுத்து. மறுபக்கம் சக்கரம் ஏந்திய வாசுதேவர், பிராமி எழுத்து. யார் யாரிடமிருந்து வாங்கினார்கள் என்று இந்தக் காசை வைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்! விதிஷாவில் கி.மு. 100-ஐ ஒட்டி கருடத்தூண் நட்ட ஹெலியோடோரஸ், தட்சசீலத்துக் கிரேக்க அரசனின் தூதர். கல்வெட்டில் தன்னைப் பாகவதன், அதாவது வாசுதேவ பக்தன் என்றே சொல்லிக்கொள்கிறார்.

சரி, புத்தருக்கு வருவோம். காந்தாரச் சிலைகளில் கிரேக்கச் சாயல் இருக்கிறது, அதை மறுப்பது கண்ணை மூடிக்கொள்வது. இரு தோளையும் மூடி ஆழமான மடிப்புகளோடு விழும் ஆடை, அலையலையான கூந்தல். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வஜ்ரபாணி சிற்பம் ஒன்று இருக்கிறது. புத்தரின் காவலரான அவர், கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் போலவே சிங்கத்தோலைத் தலையில் போர்த்தி, அதன் கால்களை மார்பில் முடிச்சுப் போட்டிருக்கிறார், கையில் மட்டும் வஜ்ராயுதம். சிற்பிக்கு ஒரு பலசாலிக் காவலன் வேண்டியிருந்தது, கைக்குக் கிடைத்த உருவத்தை எடுத்துத் தன் கதைக்குள் வைத்துக்கொண்டான். அதுவும் இந்தச் சிலைகள் பெருகியது கிரேக்க அரசுகள் முடிந்துபோன பிறகு, மத்திய ஆசியாவிலிருந்து வந்து ஆண்ட குஷாணர் காலத்தில், ரோம வணிகம் சூடாக நடந்தபோது. அப்படியிருக்க, கிரேக்கர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

அதே குஷாணர் காலத்தில்தான் மதுராவிலும் புத்தர் சிலைகள் செய்தார்கள். கிரேக்க மூலம் என்று வாதிட்ட பிரெஞ்சு அறிஞர் ஃபூஷேக்கு, கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1927-ல் மறுப்பு எழுதியது இந்த மதுராவை முன்வைத்துத்தான். அங்குள்ள யட்சர் (மக்கள் வழிபட்ட காவல் தேவதைகள்) சிலை மரபிலிருந்தே புத்தர் உருவம் வளர்ந்தது என்றார். எது முதலில் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை, எனக்கு அது பெரிய கேள்வியாகவும் படவில்லை. முடிந்தால் உங்கள் நண்பர்கள் இருவரையும் மதுரா அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், அவ்வூரின் கத்ரா மேட்டில் கிடைத்த கத்ரா புத்தரைக் காட்டுங்கள். செம்மணற்கல், அகன்ற தோள், ஒரு தோளை மட்டும் மூடிய மெல்லிய ஆடை. கிரேக்கச் சாயல் மருந்துக்கும் கிடையாது.