இரயில் சரக்குப் பணிகள் இலக்கவியலுக்கு மாறினால் எங்களைப் போன்ற சிற்றூர் ஏற்றுமதியாளருக்கு என்ன பயன்?

கேள்வி கேட்டவர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சிறிய ரப்பர் ஆலை வைத்திருப்பவர். கிள்ளான் துறைமுகத்துக்கு லோரியிலேயே சரக்கு அனுப்புவதாகவும், இரயிலில் ஏற்றினால் கொள்கலன் எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். துறைமுகத்தில் கேமராக்களும் கணினி முறையும் வந்தால் இந்த நிலை மாறுமா என்பது அவருடைய கேள்வி.

மாறும் என்றே நான் உறுதியாக நம்புகிறேன். நான் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். ஈப்போவில் சரக்கு அனுப்பும் முகவர் நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசாரிலிருந்து தெற்கே போகும் கொள்கலன் இரயில்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் செல்கின்றன. ஈப்போவுக்கும் பாடாங் பெசாருக்கும் இடையிலான மின்மய இரட்டைத் தண்டவாளம் 2014இல் முடிந்துவிட்டது. ஆகவே தண்டவாளத்தில் பெரிய குறை இல்லை; குறை தகவலில் இருக்கிறது. எந்த வேகனில் எந்தக் கொள்கலன் இருக்கிறது, என்ன எடை, எந்தக் கப்பலுக்கு, சுங்க அனுமதி கிடைத்ததா என்ற விவரங்கள் இரயிலுக்கு முன்னால் துறைமுகத்தை அடைய வேண்டும். இலக்கவியல் மாற்றத்தின் பயன் முழுவதும் இந்த ஒன்றைச் சார்ந்தே இருக்கிறது.

லோரியில் போவது ஒரு கொள்கலன், அதனுடன் ஓர் ஓட்டுநர். துறைமுக வாயிலில் தாளில் பிழை இருந்தால் அவர் உடனே தொலைபேசியில் அழைக்கிறார். நாங்கள் திருத்தி அனுப்புகிறோம். பின்னால் நிற்கும் லோரிகளுக்குச் சிறிது தாமதம், அவ்வளவே. ஓர் இரயிலிலோ இருபதடிக் கொள்கலன்கள் ஐம்பது, அறுபது வரை இருக்கும். அவற்றுக்குள் என்ன இருக்கிறது, யாருக்குச் சொந்தம், எந்தக் கப்பலில் ஏற வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் அந்த இரயிலில் ஒருவரும் இல்லை. சரியான பட்டியல் முன்கூட்டியே வந்திருந்தால், கப்பல், இறங்கும் துறைமுகம், எடை ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொரு கொள்கலனையும் எங்கே அடுக்குவது என்று துறைமுகத்தின் கொள்கலன் முனையத்தார் முன்பே தீர்மானித்து, கிரேனையும் இழுவண்டிகளையும் அதற்கேற்ப நிறுத்தி வைக்க முடியும். பட்டியல் வராவிட்டால் இறக்கி வைத்த பிறகுதான் தேடத் தொடங்குவார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதை மீண்டும் கலைத்து எடுக்க வேண்டிவரும்.

எடை விஷயத்தில் உலக அளவிலேயே ஒரு விதி இருக்கிறது. 2016 ஜூலை 1 முதல், சரிபார்க்கப்பட்ட மொத்த எடை தெரிவிக்கப்படாத கொள்கலனைக் கப்பலில் ஏற்றக் கூடாது. அந்த எண் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதே எண் வேகனின் ஒவ்வொரு சக்கர அச்சின் மேலும் விழும் பளுவைக் கணக்கிடவும் பயன்படும். ஆனாலும் கப்பல் நிறுவனத்துக்கு ஒரு முறை, இரயிலுக்கு ஒரு முறை, முனையத்துக்கு ஒரு முறை என்று தனித்தனியே தட்டச்சு செய்யும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன். ஒவ்வொரு முறை தட்டச்சு செய்யும்போதும் பிழைக்கு ஒரு வாய்ப்பு கூடுகிறது.

ஒருமுறை, ஏற்றுமிடத்தில் எழுதிய பட்டியலில் ஒரு கொள்கலன் எண்ணின் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. அந்த எண்ணில் எந்த முன்பதிவும் இல்லாததால் கொள்கலன் ஒதுக்கி வைக்கப்பட்டது. நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது. வாடிக்கையாளர் தாமதக் கட்டணமும் கட்டினார். இதில் என்னை வருத்துவது, இத்தகைய பிழையைப் பிடிக்கும் வழி அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான். கொள்கலன் எண் என்பது நான்கு எழுத்துகள், ஆறு இலக்கங்கள், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். முதல் பத்து இடங்களுக்கும் உரிய மதிப்புகளை (எழுத்துகளுக்கும் எண் மதிப்பு உண்டு) 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 512 வரை பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதியே அந்தக் கடைசி இலக்கம். மீதி 10 வந்தால் 0. இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் கணக்கு ஒத்துவராது. சாதாரணக் கணினிப் படிவம்கூட அந்த நொடியிலேயே எச்சரித்திருக்கும். கையால் எழுதிய தாளால் அது முடியாது.

கேமரா வாயில்களின் பயனும் இங்கேதான் வருகிறது. இரயில் மெதுவாகக் கடந்து செல்லும்போதே அவை கொள்கலன் எண்ணையும் வேகன் எண்ணையும் படித்து, அனுப்பப்பட்ட பட்டியலுடன் ஒப்பிட்டுவிடும். கொள்கலனின் நசுங்கலையும் படமாகப் பதிந்து வைக்கும் என்பதால், சேதம் எங்கே நேர்ந்தது என்ற வழக்கும் குறையும். வேகன்களில் பொதுவாக மின்சாரம் இருப்பதில்லை; இருப்பிடம் காட்டும் கருவியைப் பொருத்த வேண்டுமானால் அதற்குத் தனி மின்கலம் வேண்டும். மின்கலம் தேவைப்படாத வானொலி அடையாள வில்லைகளை (RFID) வட அமெரிக்க இரயில்வேக்கள் 1990களிலேயே வேகன்களில் பொருத்திவிட்டன. இந்தத் தொழில்நுட்பம் ஒன்றும் புதிதன்று.

ஹம்பர்க் துறைமுகத்தை நான் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. அங்கே நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 சரக்கு இரயில்கள் வந்து போகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட இரயில் நிறுவனங்கள் அந்தத் தண்டவாளங்களைப் பயன்படுத்துகின்றன. இத்தனை பேரையும் ஒழுங்குபடுத்துவது, வேகன் விவரங்களை மின்னியல் முறையில் முன்கூட்டியே தெரிவிக்கும் ஏற்பாடு. இந்தியாவில் மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் 2016இல் தொடங்கிய முறையில், கொள்கலனிலேயே அடையாள வில்லை ஒட்டப்படுகிறது. சரக்கு உரிமையாளர் கொள்கலன் எண்ணை இட்டு அதன் நகர்வை இணையத்தில் தாமே பார்க்கலாம். நம் நாட்டுச் சிறு ஆலைகளுக்கு மிகவும் தேவைப்படுவது இந்த இரண்டாவது வசதிதான் என்பது என் கருத்து.

நம் நாட்டில் இந்தத் தேவை இன்னும் கூடப் போகிறது. இன்றைய கேடிஎம் (மலாயா இரயில்வே) பாதை ஒரு மீட்டர் அகலம் என்பதால் தாய்லாந்துக்குள் அப்படியே தொடர முடிகிறது. கட்டப்பட்டுவரும் கிழக்குக்கரை இரயில் பாதையோ 1,435 மில்லிமீட்டர் அகலம். அதுவும் கிள்ளான் துறைமுகத்தில்தான் வந்து முடியும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வேகன் ஓட முடியாது. கொள்கலனைத் தூக்கித்தான் மாற்ற வேண்டும். அந்த இடத்தில் தகவலும் சேர்ந்து மாறாவிட்டால் இப்போதுள்ள குழப்பம் இரட்டிப்பாகும்.

ஆகவே இரயிலுக்கு மாறுவதற்கு முன் உங்கள் முகவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். வேகன் வாரியான பட்டியல் இரயில் புறப்பட்டவுடனே முனையத்துக்கு மின்னியல் முறையில் போகிறதா? உங்கள் கே2 பாரத்துக்கான (ஏற்றுமதிச் சுங்க அறிவிப்பு) அனுமதி, கொள்கலன் ஏற்றப்படுவதற்கு முன்பே கிடைத்துவிடுமா? முனையத்தில் இறக்கப்பட்ட நேரம் உங்களுக்கு நேரடியாகத் தெரியவருமா, அல்லது யாரையாவது அழைத்துக் கேட்க வேண்டுமா? முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், கப்பலின் ஏற்றுமதிக் கெடு நெருக்கமாக உள்ள சரக்கை லோரியிலேயே அனுப்புங்கள். ஒரு வாரம் முன்னதாகவே ஆயத்தமாகிவிடும் சரக்கை இரயிலில் ஏற்றிப் பாருங்கள்.